விளையாட்டுக்குப் பயன் வேண்டுமா?

“விளையாட்டாகச் சொன்னேன், கோபித்துக் கொள்ளாதே” என்று நண்பனைச் சமாதானப்படுத்துகிறோம். “இது விளையாட்டுக் காரியமல்ல” என்று எச்சரிக்கிறோம். பாடத்தில் மனம் செல்லாத சிறுவன் நமக்கு “விளையாட்டுப் பிள்ளை”. அவனே ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கி வந்தால் “விளையாட்டு வீரன்”. இறைவன் நிகழ்த்திய அற்புதங்களுக்கும் “திருவிளையாடல்” என்றே பெயர். அற்பம், பொறுப்பின்மை, வீரம், தெய்வச் செயல் என்று இத்தனை பொருள்களையும் ஒரே சொல் சுமந்து நிற்கிறது.

அப்படியானால் விளையாட்டு என்பதுதான் என்ன? உணவும் தராமல் கூலியும் தராமல் இருக்கும் ஒன்றை மனிதரும் விலங்குகளும் ஏன் இவ்வளவு ஆவலோடு செய்கின்றனர்? உயிரியலார், உளவியலார், வரலாற்றாசிரியர், மானிடவியலார், தத்துவ அறிஞர் எனப் பலரும் இதற்கு விடை கூறியுள்ளனர். அவ்விடைகளை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் ஏட்டுக் கேள்வி என்று எண்ணிவிட வேண்டாம். தேர்வு நெருங்கியதும் பள்ளியின் பி.டி. பீரியட் கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்த வேளையைக் காப்பாற்ற நாம் என்ன காரணம் சொல்லப் போகிறோம்? அக்காரணம் உறுதியானதா? இது மேற்கண்ட விடைகளையே பொறுத்திருக்கிறது.

ஏழு வகைப் பேச்சு

இத்துறையில் நுழைவோருக்கு நல்ல வழிகாட்டி, பிரையன் சட்டன்-ஸ்மித் எழுதி 1997 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு நூல். அதன் பெயரை ‘விளையாட்டின் பல்பொருள் தன்மை’ என்று தமிழில் கூறலாம். ஆசிரியர் நியூசிலாந்தில் 1924 இல் பிறந்தவர். தம் நாட்டுச் சிறுவர்களின் விளையாட்டுகளைத் தொகுப்பதில் ஆராய்ச்சியைத் தொடங்கி, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்து, 2015 இல் மறைந்தார்.

விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் ஏழு வகையாகப் பேசுகின்றனர் என்கிறார் அவர். விளையாட்டு வளர்ச்சிக்கு உதவுகிறது என்பது முதல் வகை. குழந்தைகளையும் விலங்குக் குட்டிகளையும் ஆராய்வோரின் பேச்சு இது. மனிதன் விதியின் கையில் ஓர் ஆட்டக்காய் என்பது இரண்டாவது. சூதாட்டத்தைப் பற்றிய பழம்பேச்சு. வலிமையைக் காட்டும் களம் என்பது மூன்றாவது. ஊரையும் இனத்தையும் ஒன்று சேர்க்கும் விழா என்பது நான்காவது. கற்பனையின் ஊற்று என்பது ஐந்தாவது. தனிமனிதனின் இன்பமும் ஓய்வும் என்பது ஆறாவது. வெறும் வீண்வேலை என்பது ஏழாவது.

பார்வையற்றோர் யானையைத் தடவிப் பார்த்த கதை உங்களுக்கு நினைவுக்கு வரலாம். அந்தக் கதையிலாவது யானை ஒன்று. இங்கே ஒவ்வொருவரும் தடவிப் பார்ப்பது வெவ்வேறு விலங்கை! குழந்தை உளவியலார் சூதாடியைக் கணக்கில் கொள்வதில்லை. பந்தயங்களை ஆராய்பவர் மண்சோறு சமைக்கும் இரண்டு வயதுக் குழந்தையைப் பார்ப்பதில்லை. தாம் எதை உயர்வாக மதிக்கிறாரோ அதற்கு ஏற்ற விளையாட்டையே ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கிறார். பிறகு விளையாட்டு முழுவதுக்கும் அதுவே பொருள் என்கிறார். சட்டன்-ஸ்மித்தின் இந்தக் கண்டுபிடிப்பைக் கையில் வைத்துக்கொண்டு முக்கியமான கொள்கைகளைப் பார்ப்போம்.

உபரிச் சக்தியும் ஒத்திகையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் எளிய விளக்கம் ஒன்றைத் தந்தார். உணவும் பாதுகாப்பும் கிடைத்துவிட்ட விலங்கிடம் சக்தி மிஞ்சுகிறது. அந்த உபரிச் சக்தி வழிந்தோடுவதே விளையாட்டு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. பசியிலும் நோயிலும் கிடக்கும் விலங்கு விளையாடுவதில்லை. ஆயினும் களைத்துத் தள்ளாடும் குழந்தையும் “இன்னும் ஓர் ஆட்டம்” என்று கெஞ்சுவது ஏன்? பூனைக்குட்டி நூலுருண்டையை இரைபோலப் பதுங்கிப் பாய்ந்து பிடிப்பது ஏன்? சக்தி வழிகிறது என்றால் போதுமா? அது இந்த வடிவத்தில் வழிவதற்குக் காரணம் வேண்டாமா?

வடிவத்துக்குக் காரணம் கூறியவர் ஜெர்மானியரான கார்ல் குரூஸ். விலங்குகளின் விளையாட்டைப் பற்றி அவர் எழுதிய நூல் 1896 இல் வெளிவந்தது. பிற்கால வாழ்க்கைக்கான ஒத்திகையே விளையாட்டு என்றார் அவர். பூனைக்குட்டி வேட்டைக்குப் பழகுகிறது. ஆட்டுக்குட்டி முட்டி மோதிச் சண்டைக்குப் பழகுகிறது. இளமைப் பருவம் என ஒன்று இருப்பதே இப்பயிற்சிக்காகத்தான் என்றும் அவர் கருதினார். கேட்டவுடன் நெஞ்சில் பதியும் கொள்கை இது. இன்று நம் பாடநூல்களிலும் மேடைகளிலும் வாழ்வது இதுவே.

விளையாட்டுக்கு ஏதோ பயன் இருக்க வேண்டும் என்று உயிரியலார் எண்ணுவதற்கு வலுவான காரணம் உண்டு. விளையாட்டு ஆபத்தானது. பெரு நாட்டுக் கடற்கரையில் கடற்சிங்கங்களுக்கு இரையாகிய 26 கடல்நாய்க் குட்டிகளை ஓர் ஆய்வாளர் கணக்கிட்டு 1991 இல் வெளியிட்டார். அவற்றுள் 22 குட்டிகள் பிடிபடும்போது விளையாடிக் கொண்டிருந்தவை. உயிரையே விலையாகக் கேட்கும் ஒரு பழக்கம் பயன் ஏதுமின்றி இயற்கைத் தேர்வில் நிலைத்திருக்குமா என்பது நியாயமான கேள்வி.

ஆனால் அந்தப் பயன் ஒத்திகைதானா? ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைநிலத்தில் கூட்டமாக வாழும் மீர்காட் என்பது கீரி இனத்தைச் சேர்ந்தது. இதன் குட்டிகள் ஓயாமல் பொய்ச்சண்டை போடும். லிண்டா ஷார்ப் என்னும் ஆய்வாளர் இக்குட்டிகளைப் பெரியவை ஆகும்வரை தொடர்ந்து கவனித்தார். 2005 இல் வெளிவந்த முடிவு என்ன தெரியுமா? அதிகமாகப் பொய்ச்சண்டை போட்ட குட்டி, வளர்ந்தபின் உண்மைச் சண்டையில் அதிகமாக வெல்லவில்லை. பொருள்களோடு விளையாடி வளர்ந்த பூனைகள், அவ்வாறு விளையாடாதவற்றைவிட இரை பிடிப்பதில் தேர்ந்தவையாக இல்லை என்பதை அதற்கு முன்பே 1980 இல் டிம் கேரோ காட்டியிருந்தார்.

இதனால் விளையாட்டுக்குப் பயனே இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. அலாஸ்காவில் பழுப்புக் கரடிகளைப் பல ஆண்டுகள் கவனித்த ஃபேகன் தம்பதியர், அதிகமாக விளையாடிய குட்டிகளே அதிகமாகப் பிழைத்தன என்று 2004 இல் தெரிவித்தனர். உடல்நலம் மிக்க குட்டிதானே நன்றாக விளையாடும் என்று நீங்கள் கேட்கலாம். குட்டியின் உடல்நிலை, கிடைத்த சால்மன் மீனின் அளவு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் அத்தொடர்பு நின்றது. பயன் இருக்கலாம், அது இனத்துக்கு இனம் மாறலாம், ஒத்திகை என்னும் ஒரே திறவுகோல் எல்லாப் பூட்டையும் திறக்கவில்லை. இதுவே சான்றுகள் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தும் இடம்.

குச்சிக் குதிரை

குழந்தைகளைப் பொறுத்தவரை இக்கேள்வி இன்னும் நுட்பமானது. ரஷ்ய உளவியலார் வைகாட்ஸ்கி 1933 இல் லெனின்கிராடில் விளையாட்டைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். மறு ஆண்டு அவர் இறந்துவிட்டார். சொற்பொழிவு 1966 இல்தான் அச்சேறியது. குழந்தை ஒரு குச்சியைக் கால்களுக்கிடையே வைத்துக் குதிரை ஓட்டுகிறது. கண் காண்பது குச்சி. மனம் கொள்வது குதிரை. பொருளையும் சொற்பொருளையும் பிரித்துப் பார்க்கும் ஆற்றல் இங்கே பிறக்கிறது என்றார் அவர். இன்னொன்றும் சொன்னார். ஓட்டப் பந்தயக் கோட்டில் நிற்கும் குழந்தைக்கு உடனே ஓட ஆசை. ஆனால் சைகை கிடைக்கும்வரை நிற்கிறது. விளையாட்டு என்பது கட்டுப்பாடற்ற நிலை என்று எண்ணுகிறோமே, தன்னைத் தானே அடக்கும் பயிற்சி அங்கேதான் கிடைக்கிறது!

இது ஆழ்ந்த சிந்தனை. ஆனால் சிந்தனை வேறு, சோதனை வேறு. 1973 இல் டான்ஸ்கி, சில்வர்மன் ஆகிய இருவர் ஒரு சோதனை செய்தனர். சில குழந்தைகளுக்குக் காகித கிளிப், காலித் தீப்பெட்டி போன்ற சாதாரணப் பொருள்களைக் கொடுத்து விருப்பம்போல் விளையாடவிட்டனர். வேறு சில குழந்தைகள் பெரியவர் செய்ததைப் பார்த்துச் செய்தனர். பிறகு, “இதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?” என்று கேட்டபோது, விளையாடிய குழந்தைகள் அதிக விடைகள் கூறினர். விளையாட்டு படைப்பாற்றலை வளர்க்கிறது என்பதற்கு இது சான்றாகப் பல நூல்களில் இடம்பெற்றது.

இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் ஸ்மித்துக்கு ஓர் ஐயம் எழுந்தது. குழந்தையை விளையாடவிட்டவரே பிறகு கேள்வியும் கேட்டால், அவருடைய எதிர்பார்ப்பு அவரை அறியாமலே முகத்திலும் குரலிலும் வெளிப்பட்டுவிடாதா? விட்னி என்பவரோடு சேர்ந்து அவர் சோதனையைத் திரும்பச் செய்தார். இம்முறை, எந்தக் குழந்தை எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது கேள்வி கேட்பவருக்குத் தெரியாது. வேறுபாடு மறைந்துபோயிற்று! இது 1987 இல் வெளிவந்தது. மருந்துகளைச் சோதிக்கும்போது நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது உண்மை மருந்து என்று தெரியாமல் வைப்பதும் இதே காரணத்தால்தான் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்க.

2013 இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஏஞ்சலின் லில்லார்டும் அவருடைய குழுவினரும் பாவனை விளையாட்டு பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றுதிரட்டிச் சலித்தனர். அறிவுக்கூர்மை, படைப்பாற்றல், சிக்கல் தீர்க்கும் திறன் ஆகியவை பாவனை விளையாட்டால் வளர்கின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றனர். மொழித்திறன், கதை சொல்லும் திறன் போன்றவற்றுக்கு அது பல வழிகளுள் ஒரு வழியாக இருக்கலாம், அல்லது அவற்றோடு உடன் தோன்றும் ஒன்றாக மட்டும் இருக்கலாம் என்றனர்.

விளையாட்டுக்கு ஆதரவாக நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம், ஆராய்ச்சித் தராசில் இவ்வளவு மெலிந்து நிற்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் இதில் விளையாட்டின் குற்றம் ஏதுமில்லை. நம் ஆசையைச் சான்றாக மாற்றிக்கொண்டதே பிழை.

களமும் சட்டமும்

பயனைத் தேடும் வழியிலிருந்து விலகி நடந்தவர் டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹெய்சிங்கா. ‘விளையாடும் மனிதன்’ என்று பொருள்படும் அவருடைய நூல் 1938 இல் வெளிவந்தது. விளையாட்டு எதற்கு உதவுகிறது என்று கேட்பவர்கள், அது வேறொன்றுக்காக இருக்கிறது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள் என்பது அவர் குறை. விருப்பத்தால் செய்யப்படுவது, அன்றாட வாழ்விலிருந்து விலகியது, தனக்கெனக் களமும் காலமும் சட்டமும் உடையது, பொருள் இலாபம் கருதாதது என்று அவர் இலக்கணம் வகுத்தார். நீதிமன்றமும் சடங்கும் கவிதையும் இந்த நிலத்தில் முளைத்தவையே என்றார்.

இந்த இலக்கணத்தில் ஓர் ஓட்டை உண்டு. பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் இதற்குள் அடங்கா. பிரெஞ்சு அறிஞர் ரோஜர் கைவா 1958 இல் இதைச் சுட்டிக்காட்டி விளையாட்டுகளை நான்காகப் பகுத்தார். அவற்றை நம் ஊர் ஆட்டங்களாலேயே விளக்கலாம். போட்டிக்குச் சடுகுடு, தற்செயலுக்குத் தாயம், பாவனைக்குச் சொப்பு வைத்து விளையாடுதல், தலைசுற்றும் கிறக்கத்துக்குத் தட்டாமாலை. கடைசி வகையை ஒரு தனி இனமாகக் கண்டது கைவாவின் நுண்ணறிவு. கைகோத்துச் சுற்றித் தலை கிறுகிறுத்து விழும் குழந்தை எந்த வேலைக்கு ஒத்திகை பார்க்கிறது? வளர்ச்சி பேசுவோர் தட்டாமாலையைத் தொடுவதே இல்லை.

அன்றாட வாழ்விலிருந்து விலகியது என்னும் கூற்றும் முழு உண்மையன்று. அமெரிக்க மானிடவியலார் கிளிஃபோர்டு கீர்ட்ஸ் 1958 இல் பாலித் தீவில் தங்கியிருந்து சேவற்சண்டையை ஆராய்ந்தார். 1972 இல் கட்டுரை வெளியிட்டார். அங்கே கட்டப்படும் பணயம் சில வேளை அறிவுக்கு ஒவ்வாத அளவு பெரிது. சேவலின் பின்னே குடும்பமும் உறவும் ஊரும் அணிவகுத்து நிற்கின்றன. பணம் கைமாறினாலும் யாருடைய தகுதியும் உண்மையில் உயர்வதோ தாழ்வதோ இல்லை. சமூகத்தின் ஏற்றத்தாழ்வு அங்கே நடித்துக் காட்டப்படுகிறது. களத்தைச் சுற்றிக் கோடு போடலாம். வாழ்க்கை அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறது.

இத்தனை வகையையும் ஒரே இலக்கணத்துள் அடக்க இயலுமா? இயலாது என்றார் தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன். ஒரு குடும்பத்தாரிடையே ஒருவர்க்கு மூக்கும் மற்றவர்க்கு நடையும் ஒத்திருப்பதுபோல, ஆட்டங்களிடையே சாயல்தான் உண்டு என்பது 1953 இல் வெளிவந்த அவர் நூலின் கருத்து. பெர்னார்டு சூட்ஸ் 1978 இல் இதை மறுத்தார். தேவையில்லாத தடையை விரும்பி ஏற்று அதைக் கடக்க முயல்வதே ஆட்டம் என்றார். சில்லுப் போட்டுப் பாண்டியாடும் சிறுமியைப் பாருங்கள். இரண்டு கால் இருந்தும் ஒரு காலால் நொண்டுகிறாள். கோட்டை மிதித்தால் தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறாள். சட்டமுள்ள ஆட்டத்துக்கு இவ்விளக்கம் அழகாகப் பொருந்துகிறது. மண்ணில் புரளும் நாய்க்குட்டிக்குப் பொருந்தவில்லை.

“இது விளையாட்டு” என்னும் செய்தி

நாய்க்குட்டியைப் பற்றிய நல்ல பதில், எதற்காக என்பதை விட்டுவிட்டு எப்படி என்று கேட்டவர்களிடம் கிடைத்தது. கிரிகரி பேட்சன் 1952 இல் சான் பிரான்சிஸ்கோ விலங்குக் காட்சிசாலையில் இரண்டு குரங்குக் குட்டிகள் பொய்ச்சண்டை போடுவதைக் கண்டார். கடிப்பதுபோல் கடிக்கின்றன, ஆனால் இரண்டுக்கும் அது கடி அல்ல என்று தெரிகிறது. அப்படியானால் “இது விளையாட்டு” என்ற செய்தி அவற்றிடையே பரிமாறப்பட வேண்டும் என்று அவர் கண்டார். தெருநாய் முன்கால்களைத் தரையில் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி வாலாட்டுகிறதே, அதுவே அந்தச் செய்தி. “விளையாட்டாகச் சொன்னேன்” என்று நாம் கூறுவதும் அதே செய்திதான்.

விலங்கியலார் கார்டன் பர்கார்ட் 2005 இல் வெளியிட்ட நூலில் விளையாட்டை இனங்காண ஐந்து அடையாளங்களைத் தந்தார். அந்த நேரத்தில் உடனடிப் பயன் முழுமையாக இல்லாதது. தானாக விரும்பிச் செய்வது. உண்மைச் செயலிலிருந்து வடிவிலோ காலத்திலோ வேறுபட்டது. திரும்பத் திரும்பச் செய்வது, எனினும் இயந்திரம்போல் ஒரே மாதிரி அல்லாதது. பசியோ பயமோ இல்லாத வேளையில் தொடங்குவது. இந்த அளவுகோலால் ஆமையும் விளையாடும் என்று அவர் காட்டினார். வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் இருந்த ஒரு நைல் ஆமை தன் கழுத்தைத் தானே கீறிப் புண்ணாக்கிக் கொண்டிருந்தது. பந்தும் வளையமும் கொடுத்தபின் அவற்றை முட்டித் தள்ளி விளையாடத் தொடங்கியது. தன்னைக் காயப்படுத்துவதும் குறைந்தது.

2022 இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தார் ‘பம்பிள்பீ’ என்னும் பருத்த தேனீ வகையைக் கவனித்தனர். சர்க்கரைக் கரைசலுக்குத் தடையற்ற வழி இருந்தும் தேனீக்கள் வழியோரத்தில் இருந்த சிறு மர உருண்டைகளிடம் திரும்பத் திரும்பச் சென்று உருட்டின. ஒரு தேனீ 117 முறை உருட்டியது! பரிசு எதுவும் இல்லை. வயது குறைந்தவை அதிகம் உருட்டின.

எலியைப் பார்த்தால் இன்னும் வியப்பு. யாக் பாங்ஸெப் என்னும் நரம்பியலார், மூளையின் மேற்புறணியை நீக்கிய எலிக்குட்டிகளும் விளையாடுவதைக் கண்டார். அப்படியானால் விளையாடும் உந்துதல் சிந்திக்கும் மேற்பகுதிக்கும் கீழே, பசியும் அச்சமும் குடிகொண்ட ஆழத்தில் இருக்கிறது. விளையாடும் எலி சுமார் 50,000 அதிர்வெண்ணில் ஒலி எழுப்புகிறது. நம் காதுக்கு எட்டும் எல்லை 20,000. கையால் கூச்சம் காட்டினாலும் அதே ஒலி. கூச்சம் காட்டிய கையைத் தேடி அது ஓடி வருகிறது.

நூலின் குறையும் நம் முடிவும்

இப்போது சட்டன்-ஸ்மித்தின் நூலுக்குத் திரும்புவோம். பிறர் கண்ணில் இருக்கும் கண்ணாடியை அவர் எடுத்துக் காட்டினார், அது பெருந்தொண்டு. ஆனால் நூலின் இறுதியில், மாறும் சூழலுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் பல்வகைமையை விளையாட்டு உயிர்களுக்குத் தருகிறது என்று தாமும் ஒரு பயனையே கூறுகிறார். அது சரியாகவே இருக்கலாம். ஆயினும் எந்த முதல் வகைப் பேச்சை 200 பக்கங்களுக்கு மேல் கேள்வி கேட்டாரோ, அதன் வாசலிலேயே வந்து நிற்கிறார். மற்றொரு குறை: எல்லாவற்றையும் பேச்சு வகைகளாகப் பிரித்துவிட்டால், எது நன்கு சோதிக்கப்பட்டது, எது சோதிக்கப்படாதது என்னும் வேறுபாடு மங்கிவிடும். ஆமையின் புண் குறைந்தது பேச்சு அன்று; கண்ணால் கண்டது.

ஆகவே உங்களிடம் யாரேனும் “விளையாட்டால் அறிவு வளரும்” என்று கூறினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த விளையாட்டு? எந்தப் பயன்? அதை எப்படி அளந்தார்கள்? ஓடியாடுவதால் உடலுக்கு நன்மை என்பது வேறு. சொப்பு விளையாட்டால் கணக்கு வரும் என்பது வேறு. முன்னதற்குச் சான்று உண்டு என்பதற்காகப் பின்னதை ஏற்க வேண்டியதில்லை.

பி.டி. பீரியடுக்கு இதனால் ஆபத்து வருமோ என்று அஞ்ச வேண்டாம். ஆபத்து மறுபக்கம் இருக்கிறது. “விளையாடினால் மதிப்பெண் கூடும்” என்பதை ஒரே காரணமாகச் சொன்னால், மதிப்பெண் கூடாத அன்று விளையாட்டை விட்டுக்கொடுக்க நாமே ஒப்புக்கொண்டதாகும். ஐக்கிய நாடுகள் அவை 1989 இல் நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கை இதை நன்கு உணர்ந்திருக்கிறது. கல்வி அதில் 28, 29 ஆம் பிரிவுகளில் வருகிறது. ஓய்வும் விளையாட்டும் 31 ஆம் பிரிவில் தனி உரிமையாக நிற்கின்றன. இந்தியா 1992 இல் அந்த உடன்படிக்கையை ஏற்றது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டும் என்கிறது.

நம் முன்னோர்க்கும் இது புதிதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உவகை பிறக்கும் நான்கு இடங்களுள் ஒன்றாக விளையாட்டை வைத்தது. அதனால் வேறு என்ன கிடைக்கும் என்று அது கேட்கவில்லை.

பசியும் பயமும் இல்லாத குழந்தைதான் விளையாடும் என்பது ஸ்பென்சர் முதல் பர்கார்ட் வரை எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒன்று. எனவே விளையாடும் குழந்தை நலமாக இருக்கிறது என்று நாம் அறிகிறோம். அடுத்த முறை அந்தப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கேட்டால், மதிப்பெண்ணைக் காரணம் காட்டி வாதாட வேண்டியதில்லை. அது குழந்தைக்கு உரிய நேரம் என்று சொன்னால் போதும்.